வோல்ரர் வாய் வைக்காத மூன்று கிழமைகள்

வோல்ரர் மூன்றாவது நாளாகவும் சாப்பிடவில்லை.

இக்னேசியஸ் நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, சாப்பாட்டுக் கோப்பையை இன்னுமொரு தரம் அவர் முன்னால் தள்ளி வைத்தார். கழுவித் துடைத்த சலாது இலை, பக்கத்தில் மெல்லிசாகச் சீவிய கரட். வோல்ரர் கழுத்தை நீட்டி இலையைப் பார்த்தார். இக்னேசியஸைப் பார்த்தார். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"தம்பி வோல்ரர், வெக்கப்படாமல் சாப்பிடும். உம்மடை வீடு மாதிரி நினையும்."

வோல்ரர் ஓர் ஆமை. தரையில் வாழ்கிற சாதி, விரித்த கை அளவு. வயது நாற்பத்திரண்டு என்று அவரோடு வந்த கடதாசியில் எழுதியிருந்தது. மகள் நிலாணியைவிடப் பத்து வயது மூப்பு. அந்த வயதுக்காரரை 'வா, போ' என்று கூப்பிட இக்னேசியஸுக்கு வாய் வரவில்லை.

போன சனிக்கிழமைதான் நிலாணி அவரை ஒரு பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து இறக்கினாள். வீடில்லாத ஆமைகளைப் பராமரிக்கிற ஓர் இடத்துக்கு அவள் வார இறுதிகளில் உதவிக்குப் போகிறவள்.

"என்ரை கொண்டோ வீட்டிலை பெற்ஸ் வச்சிருக்க விடமாட்டாங்கள் அப்பா. கொஞ்சக் காலம் நீங்கள்தான் பாக்கவேணும். பிளீஸ்."

"எனக்கு ஆமை வளத்துப் பழக்கமில்லைப் பிள்ளை."

"ஆருக்குத்தான் பழக்கம்?" என்று சொல்லிவிட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். விளக்குச் சூடு வேண்டும். ஒளிந்திருக்க ஒரு மூலை வேண்டும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிக்க வார்க்க வேண்டும். பச்சை இலைதான் சாப்பாடு; அவித்தது, உப்பு, எண்ணெய் ஆகாது. கடைசி வரி: புது இடம் பழகும்வரை அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது.

மற்ற எல்லாவற்றையும் இக்னேசியஸ் ஒழுங்காகச் செய்தார். கடைசி வரிதான் அவரால் முடியவில்லை. ஒருவருக்குச் சாப்பாட்டை வைத்துவிட்டு அவர் கோப்பையைப் பார்க்காமல் இருக்கிற வித்தையை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

அவர் சாப்பாடு போட்ட கை. எண்பத்தெட்டில் ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு, சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வந்தபோது, இதே கட்டடத்தின் பதினேழாம் மாடியில், ஒற்றை அறை வீட்டில் பதினொரு பேர். பகலில் ஓர் உணவகத்தில் சட்டி கழுவிவிட்டு வந்து, மாலையில் அந்தப் பதினொரு பேருக்கும் சமைப்பார். பிறகு அதே உணவகத்தில் சட்டி கழுவுவதிலிருந்து அடுப்படிக்கு ஏறி, இருபத்தாறு வருடம் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றார். பதினொரு பேரும் ஸ்காபரோ, மார்க்கம், பிறம்ரன் என்று வீடு வாங்கிப் பறந்துவிட்டார்கள். இக்னேசியஸ் மட்டும் மூன்று மாடி கீழே இறங்கியதோடு சரி.

அவருடைய பந்தியில் ஒரு சட்டம் இருந்தது. முதல் தரம் வேண்டாம் என்று சொன்னால் அது மரியாதை. இரண்டாம் தரம் சொன்னால் கூச்சம். மூன்றாம் தரமும் சொன்னால்தான் உண்மையாகவே வேண்டாம். அந்தப் பதினொரு பேரில் ஒருவனைத் தவிர வேறு யாரும் மூன்றாம் தரம்வரை போனதில்லை.

ஆனால் போன வருடம் ஆவணியில் மனைவி பிலோமினா போனபிறகு, அந்த அடுப்புக்கு மேலே கடிதக் கட்டுகள் ஏறிக் குந்திவிட்டன. ஓர் ஆளுக்கு என்னத்தைச் சமைக்கிறது என்பது இக்னேசியஸின் கேள்வி. தேத்தண்ணியும் பிஸ்கற்றும் அதற்கு அவர் கண்டுபிடித்த பதில்.

தொலைபேசி அடித்தது.

"அப்பா, வோல்ரர் சாப்பிட்டவரோ?"

"திரும்பியும் பாக்கிறாரில்லை. எனக்குப் பயமாயிருக்குப் பிள்ளை."

"சலாது பிடிக்கேல்லையாக்கும். வேறை ஏதாவது குடுத்துப் பாருங்கோ."

அவ்வளவுதான், இக்னேசியஸ் ஜாக்கெற்றை மாட்டிக்கொண்டு தமிழ்க்கடைக்குப் போனார். பதினாலு மாதமாக எட்டிப் பார்க்காத கடை. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, அரைப் பூசணிக்காய் என்று இரண்டு கையும் கொள்ளாமல் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து வோல்ரருக்கு முன்னால் பரப்பினார்.

வோல்ரர் வல்லாரைக்கு மேலாக நடந்துபோய் மூலையில் படுத்துக்கொண்டார்.

மேசையில் இருந்த இலைக்குவியலை இக்னேசியஸ் பார்த்தார். சாப்பாட்டுச் சாமானைக் குப்பையில் போடுகிற கை அவருக்கு இல்லை. கடிதக் கட்டுகளை இறக்கிக் கதிரையில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

"இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள் அப்பா?" என்று மாலையில் நிலாணி கேட்டாள்.

"நானோ? அந்த மனுசன் வேண்டாமெண்ட பூசணியிலை ஒரு பாற்கறி. முருங்கையிலையை வறுத்தனான். வல்லாரை வாடப் பாத்துது, சம்பல் போட்டிட்டன். சம்பலைச் சும்மா தின்னேலுமோ, கொஞ்சச் சோறு. அதை விடு, இப்ப நானோ பிரச்சினை?"



"இல்லையப்பா. வோல்ரர்தான் பிரச்சினை. நாளைக்கு வேறை ஏதாவது வாங்கிக் குடுத்துப் பாருங்கோ" என்றாள்.

இரண்டாம் கிழமை, குளிர்தான் காரணம் என்று முடிவு கட்டினார். விளக்குப் போதாதென்று இரண்டு ஹீற்றர்களை முடுக்கிவிட்டார். வீடு கொதித்தது. இக்னேசியஸ் ஒக்ரோபர் மாதத்தில் பெனியனோடு திரிந்தார். வோல்ரர் இரண்டு அடி எடுத்து வைத்தார், ஆனால் கோப்பைக்கு எதிர்த் திசையில்.

அந்தப் பெனியனும் வியர்வையும் அவரைப் பதினேழாம் மாடிக்கே கொண்டுபோயின. எண்பத்தெட்டுக் கோடையில் காற்றாடிகூட இல்லாத அந்த அறையில் பதினொரு பெனியன்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டன. யாருக்காவது வீட்டிலிருந்து கடிதம் வந்தால் எல்லாருக்கும் சேர்த்து வாசிக்க வேண்டும். எத்தனை தரித்திரம் பிடித்த நாட்கள், ஆனால் அவற்றை நினைத்தால் இன்றும் இக்னேசியஸுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். கடைசியாக வந்து சேர்ந்த அகஸ்ரின் நாலு நாள் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. பத்தொன்பது வயது. சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். ஐந்தாம் நாள் இக்னேசியஸ் இரண்டு கோப்பையோடு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் தன் சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். அரைக் கோப்பை முடியவில்லை, அகஸ்ரின் எழும்பி உட்கார்ந்துவிட்டான்.

"அட, இது ஏன் எனக்கு முதலே தோணேல்லை?" என்று இக்னேசியஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் வோல்ரருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். காலையில் பிட்டு, மத்தியானம் சோறு, பின்னேரம் இடியப்பமும் சொதியும். ஆசை காட்டுவதற்காக ஒவ்வொரு கவளத்தையும் மெதுவாகச் சுவைத்து, "ஆகா, என்ன ருசி!" என்றார். வோல்ரர் அசையவில்லை. அசையாதவருக்கு ஆசை காட்ட இன்னொரு கோப்பை சாப்பிட வேண்டியிருந்தது.

மூன்றாம் கிழமை அகஸ்ரினுக்கே தொலைபேசி எடுத்தார். அகஸ்ரின் இப்போது பிறம்ரனில் ஆறு லொறிக்குச் சொந்தக்காரன், தலை முழுக்க நரை.

"டேய், நீ சாப்பிடாமல் கிடந்தனியெல்லோ, அப்ப உன்ரை மனசிலை என்ன ஓடினது?"

"என்னண்ணை, முப்பத்தாறு வருசத்துக்குப் பிறகு கேக்கிறியள்?"

"இங்கை ஒருத்தர் சாப்பிடுறாரில்லையடா."

அகஸ்ரின் அடுத்த ஞாயிறு மத்தியானம் வந்தான். தனியாக வரவில்லை. பழைய பதினொரு பேரில் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு, மூன்று பெட்டி மரக்கறியும் கட்டுக்கட்டாகக் கீரையும் சுமந்துகொண்டு வந்தான். வாசலில் ஒன்பது சோடிச் சப்பாத்துகள் குவிந்தன. ஹீற்றர் வெக்கையில் ஐந்து நிமிடத்துக்குள் ஒன்பது பேரும் பெனியனுக்கு வந்துவிட்டார்கள்.

"இதென்னண்ணை, பதினேழாம் மாடி மாதிரிக் கிடக்கு!" என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார். வியர்வைதான் என்று சொல்லிக்கொண்டார்.

ஒவ்வொருவரும் வோல்ரருக்கு முன்னால் போய் ஒவ்வோர் இலையை நீட்டினார்கள். கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்கு முன்னால் வரிசையில் நிற்பதுபோல நின்றார்கள். மாப்பிள்ளை தலையைக் காட்டவில்லை. மூன்று பெட்டி மரக்கறியை வேறு என்ன செய்வது? இக்னேசியஸ் பெரிய தாச்சியை ஏற்றிக் கத்தரிக்காய் பொரித்தார். புகை எழும்பியது. கூரையில் இருந்த எச்சரிக்கை மணி அலறியது. கட்டடத்துக்குப் பொறுப்பான சுப்பர் ஓடிவந்து, ஒன்பது பெனியன்களைக் கண்டு ஒரு கணம் வாசலில் நின்றுவிட்டு, பல்கனிக் கதவை அகலத் திறந்தார்.

மணி அடங்கியது. புகை போனது. வோல்ரரையும் காணவில்லை.

"பல்கனி!" என்று கத்தினார் இக்னேசியஸ்.

பதினாலாம் மாடி. கம்பிகளுக்கு இடையில் வோல்ரர் தாராளமாகப் போவார். அகஸ்ரின் பல்கனியில் குனிந்து கீழே பார்த்தான். சுப்பர் வயிற்றில் படுத்துச் சோபாவுக்கு அடியில் கையை விட்டார். அரை மணி நேரம் அத்தனை பேரும் முழந்தாளில் தவழ்ந்தார்கள். கடைசியில் சப்பாத்துக் குவியலுக்குள், அகஸ்ரினின் குளிர்கால பூற்ஸுக்குள், வோல்ரர் சுகமாக நித்திரை கொண்டிருந்தார்.

இக்னேசியஸ் அவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். சுப்பர் வந்தவர்தானே, அவர் கையிலும் ஒரு கோப்பைச் சோறு ஏறியது.

"விடுங்கோ அண்ணை," என்றான் அகஸ்ரின். "உங்கடை சட்டம்தானே. மூண்டு தரம் கேட்டாச்சு. மூண்டாந்தரமும் வேண்டாமெண்டா வேண்டாம்தான்."

இக்னேசியஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"அவவையும் நான் மூண்டு தரந்தானடா கேட்டனான்."

ஆஸ்பத்திரியில் கடைசி மாதம் பிலோமினா கஞ்சிக் கோப்பையைத் தள்ளித் தள்ளி வைத்தது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"நாலாந்தரமும் கேட்டிருக்கவேணும். அஞ்சாந்தரமும் கேட்டிருக்கவேணும்" என்று சொன்னார். அகஸ்ரின் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் இக்னேசியஸும் கை வைத்தார்.

மறுநாள் காலை, இனி யாரையும் கேட்பதில்லை என்று வெளிக்கிட்டார். இந்த ஒருவரையாவது சாகக் கொடுக்கப் போவதில்லை. பெல்ற்றை வழக்கமான ஓட்டையில் போட முடியவில்லை; இரண்டு ஓட்டை தள்ளிப் போட்டார். அவசரத்தில் அதைக் கவனிக்க நேரமில்லை. அரிசி அவிக்கிற குக்கர் வந்த பெட்டிக்குள் துவாயை விரித்து, வோல்ரரை வைத்து, தண்டவாளத்தில் ஓடுகிற தெருக்காரில் ஏறி ஆமைகள் பராமரிக்கிற இடத்துக்குப் போனார்.

முன்மேசையில் மயூரி என்றொரு பெண் இருந்தாள். இக்னேசியஸ் பெட்டியைத் திறந்து, மூன்று கிழமைக் கதையையும் மூச்சு விடாமல் சொன்னார். கடைசியில் கையைக் கும்பிடுவதுபோல வைத்துக்கொண்டு, "எப்பிடியாவது காப்பாத்திப் போடு பிள்ளை" என்றார்.

மயூரி வோல்ரரைத் தூக்கித் தராசில் வைத்தாள். கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், பழைய ஏட்டைப் புரட்டினாள்.

"இவர் பேர்ஃபெக்ற்லி ஃபைன், அங்கிள். ஒரு கிராம்கூடக் குறையேல்லை."

"அதெப்பிடி? மூண்டு கிழமை ஒண்டும் சாப்பிடேல்லையே!"

"இவர் எவ்றி இயர் இப்பிடித்தான். இலையுதிர்காலம் வந்தா ரண்டு மூண்டு மாசம் சாப்பாட்டைத் தொடமாட்டார். டொக்டரும் பாத்து ஓகே சொன்னவர். நிலாணி அக்கா உங்களுக்குச் சொல்லேல்லையா?"

"அவளுக்குத் தெரியுமோ?"

"தெரியாமலா?" என்று சிரித்தாள் மயூரி. "நல்லாச் சாப்பிடுற ஆமை ஆறு இருந்தது, நான் அதிலை ஒண்டைத்தான் எடுத்துக் குடுத்தனான். அவதான், 'இது வேண்டாம், என்ரை அப்பாவுக்கு எவ்வளவு கெஞ்சினாலும் சாப்பிடாத ஆமைதான் வேணும்' எண்டு கேட்டு வாங்கிக்கொண்டு போனவ."