பக்கத்து இருக்கைப் பொத்தான்

சிக்னலில் பச்சை விழுந்தது. லிஃப்ட் இன்ஸ்பெக்டர் இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டரைத் தட்டினார். வைப்பர் ஓட ஆரம்பித்தது.

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று இழுபட்டது. அதை நிறுத்தக் கைக்கு அகப்பட்ட விளக்குப் பொத்தானைத் திருகினார். ஹாரன் அலறியது.

"யோவ், எதுக்குய்யா அடிக்கிறே? முன்னாடி எவனும் இல்லையே!" என்று பின்னால் வந்த பால் வேன்காரர் கத்தினார்.

பதிலுக்கு இன்ஸ்பெக்டர் நிஜமான ஹாரனை அழுத்தினார். சத்தமே வரவில்லை. இன்ஜின் நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை திருப்பினார். அப்புறம் மாமியாருக்குப் போன் செய்தார்.

அது மாமனாரின் கார். பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத நிறம். மாமனார் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் இன்ஸ்பெக்டர் மாற்றல் வாங்கிக்கொண்டு மனைவியோடு இந்த ஊருக்கு வந்தார். "எங்களோட வந்து இரும்மா" என்று மகள் எவ்வளவோ கூப்பிட்டாள். "என் வீட்டை விட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார் மாமியார். ஆனால் நான்கு தெரு தள்ளி இருந்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கார் சாவியைக் கொடுத்தார்.

"சும்மா நின்னு துருப்பிடிக்குது மாப்பிள்ளை. ஆபீசுக்கு எடுத்துட்டுப் போங்க. உங்க தெருவுல நிறுத்த இடம் கிடையாது. சாயங்காலம் இங்கயே கொண்டுவந்து விட்டுடுங்க."

இன்று காலைதான் முதல் சவாரி. வண்டியைக் கிளப்பும்போது மாமியார் பக்கத்து சீட் ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு எதையோ அழுத்தினார். ஆசீர்வாதம் போல ஏதோ என்று நினைத்து இன்ஸ்பெக்டரும் கேட்கவில்லை.

"அத்தை, வண்டி நின்னு போச்சு."

"ஹாரன் அடிச்சீங்களா?"

"ஆமா."

"ஹாரன் அடிச்சா நின்னுடும். விளக்கைப் போட்டாத்தான் ஹாரன். இண்டிகேட்டர் போட்டா வைப்பர். பக்கத்து சீட்டுக்கு எதிர்ல, டேஷ்போர்டுக்கு அடியில ஒரு கறுப்புப் பொத்தான் இருக்கும். ஒருத்தர் அதை அழுத்திப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் சாவியைத் திருப்பணும்."

"ஒரே ஆள் ரெண்டையும் பண்ண முடியாதா?"

"எட்டு வருஷமா உங்க மாமாவும் பார்த்தார். முடியலை."

கடைசியில் பால் வேன்காரர்தான் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். வண்டி கிளம்பியது. இறங்கும்போது இன்ஸ்பெக்டரின் தோளை ஒரு தரம் தட்டிவிட்டுப் போனார்.

இது வேறு யாருக்கு நடந்திருந்தாலும் பரவாயில்லை. பத்தொன்பது வருடமாக இன்ஸ்பெக்டர் கட்டடம் கட்டடமாகப் போய்ச் சோதித்தது ஒன்றே ஒன்றைத்தான். 'மேலே' என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் லிஃப்ட் மேலே போக வேண்டும். 'திற' என்றால் கதவு திறக்க வேண்டும். அப்படி இல்லாத லிஃப்டுகளுக்கு அவர் தயவுதாட்சண்யம் இல்லாமல் சீல் வைத்திருக்கிறார். அவருடைய கண்ணில் இந்தக் கார் ஒரு குற்றவாளி.

அன்று மாலையே கத்தரித்த வெள்ளைத் தாள்களில் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினார். இண்டிகேட்டரில் 'வைப்பர்'. விளக்கில் 'ஹாரன்'. ஹாரனில் 'தொடாதே'. இடது, வலது திரும்புவதற்குக் கை காட்டுவது என்று முடிவு செய்தார்.

பொத்தான்தான் தகராறு செய்தது. கையை நீட்டினால் ஒரு சாண் எட்டவில்லை. உடம்பைச் சாய்த்து எட்டினால் சாவி எட்டவில்லை. மறுநாள் குடையைக் கொண்டுபோய் அதன் முனையால் அழுத்தினார். வண்டி கிளம்பியது. அதே நொடியில் குடை விரிந்துகொண்டது. காருக்குள் விரிந்த குடையை மடக்க முடியாமல் ஒரு பர்லாங் தூரம் அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டினார். ஒரு காய்கறி வண்டியும் இரண்டு ஆடுகளும் மயிரிழையில் தப்பின.

மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. பொத்தானை அழுத்தி அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றிவிட்டார். இனி யாருடைய தயவும் வேண்டாம். வண்டி கிளம்பி, பெரிய ஆஸ்பத்திரியின் வாசலை அடையும் வரை சாதுவாக இருந்தது. அங்கே பொத்தான் சூடேறியதோ என்னவோ, ஹாரன் பிடித்துக்கொண்டது. டேப் உருகிக் கையோடு வந்தது. பொத்தான் மேலே எழும்பவில்லை. ஹாரன் பதினோரு நிமிடம் அடித்தது. மூன்று மாடிகளில் நோயாளிகள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரியில இருந்து புகார் வந்திருக்கு. இன்னொன்னு வந்தா உங்களை மறுபடியும் வெளியூருக்கு அனுப்பறதைத் தவிர எனக்கு வழியில்ல."

வெளியூர் என்றால் மாமியார் மறுபடியும் தனி. வேறு வழி தெரியாமல் அடுத்த நாள் காலை அவரிடமே போய் நின்றார்.

"அத்தை, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா..."

மாமியார் ஏற்கெனவே புடவை மாற்றிக்கொண்டு, கைப்பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சிரமம்தான். என்ன பண்றது, வண்டி அப்படி" என்றபடி எழுந்தார்.

அவர் ஏறியதும் கார் சாதுவாகிவிட்டது. அவர் பொத்தானை அழுத்துவார், இவர் சாவியைத் திருப்புவார். திருப்பங்களில் இடது பக்கம் அவர் கை காட்டுவார், வலது பக்கம் இவர். முதல் வாரம் "பள்ளம் இருக்கு", "பார்த்து" என்பதோடு சரி. அப்புறம் பேச்சு வந்தது. மாமனார் தூக்கத்தில் பேசியது, கோபம் வந்தால் செருப்புகளை வரிசையாக அடுக்கி வைத்தது, கடைசி நாளில் பேப்பரைப் பாதி படித்தபடி "மீதியை அப்புறம் பார்க்கறேன்" என்று மடித்து வைத்தது. இதையெல்லாம் மாமியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் சொல்வார். இன்ஸ்பெக்டர் சாலையைப் பார்த்துக்கொண்டு கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் வந்தது.

"என்ன மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை லிஃப்ட்ல யாரும் ஏற மாட்டாங்களா?"

அன்று இன்ஸ்பெக்டர் மனைவியிடம் சொன்னார்: "எட்டு வருஷம். ஒரு மனுஷன் பெண்டாட்டி பக்கத்துல இல்லாம வண்டியைக் கிளப்பக்கூட முடியாது. ஒரு நாள் அலுத்துக்கலை, ரிப்பேருக்கும் விடலை. நான் உன்னை அப்படி வச்சுக்கிட்டேனா?"

மனைவிக்குக் கண் கலங்கியது. "நான் ஊருக்கு வரும்போதெல்லாம் ஸ்டேஷனுக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருவாங்க. பாசம்னு நினைச்சேன். இப்பத்தான் தெரியுது, வண்டி!"

"ரெண்டும்தான்" என்றார் இன்ஸ்பெக்டர், கனத்த குரலில்.

இதோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமியார் காரிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. வெயிலுக்கு ஒதுங்கிக் கட்டடங்களுக்குள் வந்தார். அப்புறம் லிஃப்டுக்குள்ளும் வந்தார். ஓர் அடுக்குமாடியில் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நாலாவது மாடியில ஒரு முனகல் கேக்குது மாப்பிள்ளை" என்றார். திறந்து பார்த்தால் கம்பி வடத்தில் இரண்டு இழை அறுந்திருந்தது. செய்தி பரவியது. கட்டடத்துக்காரர்கள் அவருக்கு முதலில் நாற்காலி போட்டார்கள். இன்ஸ்பெக்டர் "சரி" என்று சொன்ன பிறகும் மாமியார் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு கட்டடத்தில் அவர் உதட்டைப் பிதுக்கினார் என்பதற்காக அவர்களாகவே லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். ஆறு மாடி ஏறிய ஒருவர் எழுத்தில் புகார் கொடுத்தார்.

மேலதிகாரி அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினார். "'தங்கள் பெரிய மேடம் மிகவும் கண்டிப்பானவர்.' யாருங்க இந்தப் பெரிய மேடம்?"

"என் மாமியார், சார்."

மேலதிகாரி கடிதத்தை மெதுவாக மடித்தார். "நாளையில இருந்து நீங்க தனியா வரணும். இல்லைன்னா மாற்றல் உத்தரவு தயாராயிடும். இதுதான் கடைசி."

அன்று மாலை காரில் வைத்துப் பக்குவமாக ஆரம்பித்தார். "அத்தை, வண்டியை ஒரு தடவை எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டினா..."

"வேண்டாம்."

"சின்ன வேலைதான்."

"அவர் கைபட்ட வண்டி மாப்பிள்ளை. அவர் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் வீட்டில் மனைவியிடம்தான் எல்லாவற்றையும் கொட்டினார். மறுநாள் காலை மகள் தாயைக் கண் பரிசோதனைக்கு ஆட்டோவில் அழைத்துப் போனாள். அந்த இடைவெளியில், குற்றவாளியைப் போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் தெருமுனைக் கடையிலிருந்து ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

காருக்குள் ஒட்டியிருந்த தாள்களை அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். 'தொடாதே' என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மல்லாக்கப் படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார்.

"சரி பண்ண முடியுமா?"

"அரை மணி நேர வேலை சார்." குரல் உள்ளேயிருந்து வந்தது. "அம்மாகிட்ட கேட்டுட்டீங்களா?"

இன்ஸ்பெக்டருக்கு, இறந்துபோன ஒருவரின் பொறுமையைக் கழற்றி எறியச் சொல்லி நிற்பதுபோல் இருந்தது.

"அவங்களுக்குத் தெரிய வேண்டாம். மனசு தாங்க மாட்டாங்க. பாவம், மாமா எட்டு வருஷமா இந்த வண்டியோட எப்படித்தான் மாரடிச்சாரோ!"

உள்ளே ஸ்குரூ டிரைவர் சத்தம் நின்றது. எலக்ட்ரீஷியன் மெதுவாக வெளியே வந்து, எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐயா ஓட்டின வரைக்கும் வண்டியில ஒரு குறையும் கிடையாது சார், அவர் போனப்புறம் அம்மாதான் என்னைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை தனியா எடுத்துட்டுப் போக முடியாதபடி ஏதாவது பண்ணிக் குடுங்கன்னாங்க."