தள்ளு அண்ணன் வீட்டு மோட்டார்

மதுரை ஜில்லாவில் சொந்தமாக மோட்டார் கார் வைத்துக்கொண்டு அதை அடுத்தவர் கால்பலத்தில் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் ஆரப்பாளையம் தெருவில்தான் இருந்தார். இதை மறுத்து யாராவது கடிதம் எழுதினால் நான் பதில் போடப் போவதில்லை. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, தெருவில் யாருக்கும் தெரியாது. காலையில் "தள்ளு! தள்ளு!" என்று அவர் போடும் சத்தமே பெயராகி, எங்களுக்கு அவர் தள்ளு அண்ணன் ஆகிவிட்டார்.

அப்போது எனக்கு மில்லில் குமாஸ்தா வேலை. நாலைந்து பிரம்மச்சாரிகள் சேர்ந்து அவருக்கு எதிர்வீட்டில் குடியிருந்தோம். அதனால் அந்த மோட்டார் தெருவுக்குள் வந்த அழகைக் கண்ணாரப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

உசிலம்பட்டிப் பக்கத்து மிராசுதார் ஒருவரிடம் வெகுகாலம் டிரைவராக இருந்தவர் அவர். மிராசுதார் கண்ணை மூடியதும் பிள்ளைகள் புது வண்டி வாங்கினார்கள். பழையது மாட்டுத் தொழுவத்துக்குப் போனது. அதன் பின்சீட்டில் கோழிகள் அடைகாத்தன. "இதை நான் கொண்டுக்கிட்டுப் போகட்டுமா?" என்று இவர் கேட்க, தொழுவம் காலியானால் சரி என்று கொடுத்துவிட்டார்கள். முன்னால் ஒரு ஜோடிக் காளை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இவர், பின்சீட்டை விட்டு இறங்க மறுத்த ஒரு கோழி. இந்தக் கோலத்தில்தான் வண்டி ஆரப்பாளையம் வந்து சேர்ந்தது. காளைகள் நின்ற இடத்திலெல்லாம் அண்ணன் பிரேக்கை மிதித்தார்.

"எதுக்கு அண்ணே, அதுதான் தானா நின்னுருச்சே?" என்றேன்.

"பழக்கம் விட்டுப் போயிரக் கூடாதுல்ல தம்பி."

தெருப்பக்கச் சுவரை இடித்து இரட்டைக் கதவு போட்டு, முன்னறையை வண்டிக்குக் கொடுத்தார். அவர் அடுக்களைக்குக் குடிபோனார். அதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை, ஏனென்றால் அந்த அடுக்களையில் யாரும் சமைக்கவில்லை. மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷமாகியிருந்தது. பிள்ளை குட்டி கிடையாது. ஊர்ப்பக்கம் இருந்த ஒரு தங்கையும் வந்து எட்டிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் பலசரக்கு மட்டும் தவறாமல் வாங்குவார். எல்லாம் வண்டிக்கு! புளி போட்டு அதன் பித்தளை விளக்குகளைத் துலக்குவார். ரேடியேட்டரில் ஓட்டை என்று மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றுவார். அது சூடேறினால் தெருக்கோடி வரை குழம்பு மணக்கும். அந்த மணத்தை நம்பித் தட்டோடு வந்து நின்ற ஒரு பரதேசியை நானே பார்த்திருக்கிறேன். செருப்புத் தோலை வெட்டி வண்டிக்கு வாஷர் போட்டுவிட்டு அவர் வெறுங்காலோடு நடந்தார். சீட்டுக்கு இலவம்பஞ்சு வேண்டியிருந்தபோது அவருடைய தலையணை காணாமற்போனது. இப்படி வண்டி சீராகச் சீராக மனிதர் தேய்ந்துகொண்டே வந்தார்.

கடைசியில் ஒருநாள் வண்டி ஓடத் தயாராகிவிட்டது என்று அறிவித்தார். சூடம் கொளுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தெருவே கூடி முதுகு கொடுத்துத் தள்ளியது. பிள்ளையார் கோயில் முனையில் இஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டுக் கிளம்பியபோது நாங்கள் போட்ட கூச்சலில் மில் சங்கே அமுங்கிப்போயிருக்கும். அண்ணன் வைகைக் கரைவரை போய்த் திரும்பி வந்தார். எல்லோருக்கும் சுக்குமல்லிக் காபி கொடுத்தார். சோணைமுத்துவின் மளிகைக் கடையில் வியாபாரம் எப்படி, பால்காரப் பேச்சியம்மாளின் பசு கன்று போட்டதா, என் தம்பி பரீட்சையில் தேறினானா என்று ஒவ்வொருவராக விசாரித்தார். அவருக்கு அவ்வளவு பேசத் தெரியும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால் வண்டி பழையபடி தள்ளினால்தான் கிளம்புவேன் என்றது. அதற்கு மறுநாளும் அப்படியே. அதுவே வழக்கமாகிவிட்டது.

"முன்னால ஹாண்டில் போட்டு இஞ்சினச் சுத்திப் பாக்கலாமே அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அய்யய்யோ! திருப்பி அடிச்சா மணிக்கட்டு போயிரும். நீங்க நாலு பேரு கை வச்சாப் போதும் தம்பி, அது பாட்டுக்கு ஓடும்."

ஆக, தினமும் காலையில் தெரு தள்ளும், முனையில் வண்டி கிளம்பும். அது இரண்டாவது உலகச் சண்டைக்காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். ஆகையால் அது கரைவரை போய்த் திரும்புவதோடு சரி. நாங்கள் தள்ளிய தூரத்தைவிட அது ஓடிய தூரம் அப்படியொன்றும் அதிகமில்லை. பிறகு காபி, விசாரணை. நாங்கள் வேலைக்குக் கலைந்ததும் இரட்டைக் கதவு சாத்திக்கொள்ளும். அதன்பின் மறுநாள் காலைவரை அந்த மனிதரோடு பேச ஒரு ஜீவனும் கிடையாது. சாயங்காலங்களில் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். நின்றுகொண்டிருக்கும் வண்டியின் பின்சீட்டில் ஓரமாக, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு, சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் எனக்குக் காலில் சுளுக்கு. பின்னால் நின்று தள்ள முடியாமல் டிரைவர் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடியே போனேன். அப்போதுதான் பார்த்தேன். இஞ்சின் சுவிட்சையே அவர் போடவில்லை! தெரு நெடுக நாங்கள் மூச்சு வாங்கத் தள்ளுகிறோம், மனிதர் "தள்ளு! தள்ளு!" என்று உற்சாகப்படுத்துகிறார், சுவிட்சு அணைந்தே கிடக்கிறது. பிள்ளையார் கோயில் முனை வந்ததும் நைசாகக் கையை விட்டுத் தட்டினார். வண்டி கிளம்பிவிட்டது.

வண்டிக்கு ஒரு நோவும் இல்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எத்தனை காலை! எத்தனை வியர்வை! நேரே சோணைமுத்து கடைக்குப் போய், யாருக்கும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு விஷயத்தைச் சொன்னேன்.

அவர் பொட்டலம் கட்டுவதை நிறுத்தவில்லை. "ஒனக்கு இப்பத்தான் தெரியுமாக்கும்?" என்றார்.

பேச்சியம்மாளிடம் போனேன். "அது கெடக்கு தம்பி. ஊருக்கே தெரிஞ்ச கதை. நீங்க பாட்டுக்கு அவருகிட்டப் போய்க் கேட்டு வச்சிராதீக," என்றாள். எங்கள் வீட்டுப் பிரம்மச்சாரிகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. ஊரில் கடைசி முட்டாள் நான்தான். மறுநாள் காலையில் கோபத்தையும் சுளுக்கையும் மறந்து போய் முதுகைக் கொடுத்தேன்.

வில்லங்கம் மாப்பிள்ளை உருவத்தில் வந்தது. சோணைமுத்து தன் மகளை மேலூரில் கட்டிக் கொடுத்திருந்தார். புது மாப்பிள்ளை ராணுவப் பட்டறையில் லாரி பழுது பார்ப்பவர். லீவில் மாமனார் வீட்டுக்கு வந்தவர், முதல் நாள் காலையிலேயே நாங்கள் தள்ளுவதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"என்ன பெரியப்பா, இம்புட்டுப் பேரைப் போட்டு வதைக்கிறீக? ஒரு மணி நேரம் வண்டிய எங்கிட்ட விடுங்க. ஹாண்டிலத் தொட்டதும் கெளம்புற மாதிரி பண்ணித் தாரேன்."

தள்ளு அண்ணன் முகத்தில் ரத்தம் இல்லை. "பாக்கலாம் மாப்ள... பாக்கலாம்," என்றார். அன்று காபி கொடுத்தபோது அவர் யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை. அவர் பயம் எங்களுக்குப் புரிந்தது. வண்டி தானாகக் கிளம்பினால் தள்ள ஆள் வேண்டாம். தள்ள வேண்டாமென்றால் அந்த வீட்டுக் கதவைத் தட்ட எங்களில் யாருக்கு என்ன வேலை?

மாப்பிள்ளையைத் தடுக்க வேண்டும், காரணமும் சொல்லக்கூடாது. புதிதாகக் கல்யாணமானவர்களைச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வீடு விருந்துக்கு அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தெரு அதைக் கையில் எடுத்தது. அந்த வாரம் ஆரப்பாளையத்தில் அத்தனை பேரும் சோணைமுத்துவுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மாப்பிள்ளை எழுந்ததும் ஒரு வீட்டில் இட்லியும் குடல் குழம்பும், மத்தியானம் இன்னொரு வீட்டில் கறிச்சோறு, சாயங்காலம் மூன்றாவது வீட்டில் பணியாரம். அரிசிக்கு ரேஷன் இருந்த காலத்தில் நடந்தது இது. அடுப்பு மூட்டத் தெரியாத பிரம்மச்சாரிகளான நாங்களே ஒரு சேவலை அடித்துக் குழம்பு வைத்தோம். மாப்பிள்ளை அதையும் தின்றார். அவருடைய தைரியத்தை அன்றுதான் மெச்சினேன்.

"அந்த வண்டிய ஒரு பார்வை..." என்று அவர் எழுந்திருப்பார். "மாப்ள கையில கிரீசு படலாமா? மாமியா வீட்டுக்கு அம்புட்டும் கேவலம்ல!" என்று பேச்சியம்மாள் இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

ஆனால் ராணுவத்துக்காரர் அல்லவா? ஒருநாள் காலையில் இட்லி வேகுமுன் மாமனார் வீட்டுக் கொல்லை வழியாக நழுவிவிட்டார். நாங்கள் தள்ளப் போனபோது வண்டியை அவர் ஏற்கனவே தெருவில் இறக்கி நிறுத்தியிருந்தார். மாப்பிள்ளை சுவிட்சைப் போட்டுவிட்டு, முன்னால் குனிந்து ஹாண்டிலைச் செருகினார். ஒரே சுற்றுதான். நாங்கள் கேட்டே இராத இனிமையோடு இஞ்சின் ஓட ஆரம்பித்தது.

"இதுல ஒரு கோளாறும் இல்லையே!" என்று கூவினார் மாப்பிள்ளை. "நல்ல வண்டிதானே இது! இத எதுக்குத் தள்ளிக்கிட்டுத் திரியிறீக?"

தள்ளு அண்ணன் கையில் விளக்கு துலக்கிய புளியோடு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கையும் களவுமாகப் பிடிபட்ட மனிதரை அதற்கப்புறமும் நான் பார்த்திருக்கிறேன். பிடித்தவர் மேல் எனக்குக் கோபம் வந்தது அந்த ஒருமுறைதான்.

பேச்சியம்மாள் பால்செம்பைக் கீழே வைத்தாள். நேரே வண்டிக்குப் போய்ச் சுவிட்சை அணைத்தாள். இஞ்சின் நின்றது.

"மாப்ள, நீங்க படிச்ச வண்டி வேற, இது வேற. இதுக்கு ஹாண்டில் ஒத்துக்கிடாது. தள்ளுனாத்தான் ஓடும்," என்றாள். பிறகு எங்களைப் பார்த்து, "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? கை குடுங்கப்பா, மில்லுச் சங்கு ஊதப் போகுது!" என்று அதட்டினாள்.

மாப்பிள்ளை அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வாசலில் நின்ற பெரியவரைப் பார்த்தார். கெட்டிக்காரர். ஹாண்டிலை உருவிச் சீட்டுக்கடியில் போட்டுவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டியபடி எங்களோடு வந்து பின்னால் நின்றார். அண்ணன் ஏறி உட்கார்ந்தார். அன்று "தள்ளு" என்று அவர் சத்தம் போடவில்லை. நாங்களே தள்ளினோம். பிள்ளையார் கோயில் முனை வந்தது, போனது. அவர் சுவிட்சைத் தொடவில்லை. கண்ணீர் கண்ணை மறைத்ததோ என்னவோ. யாரும் நினைவுபடுத்தவும் இல்லை. வைகைக் கரைவரை தள்ளிக்கொண்டே போய்விட்டோம்.

கரையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கும் வருவீகளா?" என்று கேட்டார்.

"லீவு முடியிற வரைக்கும் நானும் வாரேன் பெரியப்பா," என்றார் மாப்பிள்ளை.

அதற்குப் பிறகு நான் பல ஊர்களில், பெரிய பெரிய உத்தியோகங்கள் பார்த்துவிட்டேன். எதற்கும் அத்தனை காலையில், அத்தனை ஆசையாக எழுந்து போனதில்லை.