பெய்யாத மழைக்கு ஒரு சாட்சி

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் தங்கையும் நலமாகத்தான் இருப்பாள் என்று நம்புகிறேன். அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வானிலை அலுவலகத்தில் மழை அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கப் பிடிக்காமல் சுயசரிதை எழுத உட்கார்ந்தேன் அல்லவா, அதில் நானும் அவளும் முதலில் சந்தித்த அத்தியாயம் வந்தது. நடந்தது உங்களுக்கே தெரியும்: மண்டையைப் பிளக்கும் வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தேன், நீங்கள் யாருடைய டயரையோ கழற்றிக்கொண்டிருந்தீர்கள், கல்லாவில் இருந்த அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பஞ்சர் இல்ல, வால்வு டியூப் போயிருக்கு" என்றாள். இதை எழுதினால் இரண்டு வரிக்கு மேல் நகரவில்லை. சரி, கொஞ்சம் தூறல் போடலாமே என்று நினைத்தேன். தூறல் பெருமழை ஆயிற்று, தெரு கரைந்தது, கடை ஓரமாக ஒதுங்கி நின்ற என் பக்கம் ஒரு நீலக் குடை மெல்லச் சாய்ந்தது, அதன் கீழே ஈரக் கூந்தலோடு ஒரு பெண், ஒரு வார்த்தை பேசாமல் கூடவே நடந்தாள். எழுதும்போதே அறையில் மண்வாசம் வந்தது மச்சான். காகிதம் நனையுமோ என்று எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

படித்துவிட்டு உங்கள் தங்கை, "யாரு இவ?" என்றாள். நீதான் என்றேன். "என்கிட்ட ஏது குடை? நான் எப்ப வாயை மூடிக்கிட்டு நடந்தேன்?" மழையே நானாகச் சேர்த்தது என்று சத்தியம் பண்ணினேன். "ஆயுசு பூரா மழையை அளந்த மனுஷன், பெய்யாததைப் பெஞ்சதுன்னு எழுதுவீங்களா? அன்னிக்குப் பெஞ்சிருக்கு. நான்தான் அங்க இல்ல." என் வேலையின் நேர்மையே என் கழுத்துக்குக் கத்தி ஆகிவிட்டது. அவள் படுக்கை முன்னறைக்குப் போய்விட்டது. அவள் குரல் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான்.

அன்று கூட இருந்த ஒரே சாட்சி நீங்கள். உடனே கிளம்பி வந்து, வெயில்தான் அடித்தது, டியூப்தான் போயிருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு என் ஆசியையும் அளவு குறையாமல் பிரித்துக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் வரவையே நம்பியிருக்கும்
மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அத்தியாயத்தை மறுபடி படித்தாளாம். "நல்லா யோசிச்சுப் பார்த்தேன். அது நான்தாங்க. ஆனா நீலம் இல்ல, பச்சைக் குடை. கம்பி ஒண்ணு உடைஞ்சு உங்க தோளெல்லாம் நனைஞ்சுது" என்கிறாள். பேசினாளே, அது போதும் என்று தலையாட்டினேன். இப்போது எனக்கும் தோள் சில்லென்று இருக்கிறது. ஆகவே நீங்கள் வர வேண்டாம். யாராவது கேட்டால் மழை பெய்தது என்று சொல்லுங்கள். நீங்களும் நனைந்தீர்கள்.