உயிலுக்கு அம்மன் தந்த அப்ரூவல்

அறத்துக்கு உரை எழுதியவர்கள் இருவகையினர். முனிவர்கள் ஓலையில் எழுதினார்கள். பனியன் கம்பெனி முதலாளிகள் உயிலில் எழுதுகிறார்கள். பிந்தைய மரபின் தலைசிறந்த படைப்பு, திருப்பூர் ‘தரணி நிட்டிங்ஸ்’ அதிபர் அர்த்தநாரி தம் எழுபதாம் வயதில் இயற்றிய உயில் என்பதை மறுக்க இதுவரை எவரும் துணிந்ததில்லை.

கம்பெனிக்கு அவர் சூட்டியிருந்தது தம் மகளின் பெயர். பெண்ணினத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை எதுவும் செய்துவிட முடியாது என்பது அவர் கருத்து. ஆகவே மேற்கொண்டு எதையும் அவர் செய்யவில்லை.

உயிலில் மகன் ரித்தீஷுக்கு உரிய பகுதி சற்றே வறண்டது. கம்பெனி, காதர்பேட்டைக் கடைகள், தாராபுரத்துத் தென்னந்தோப்பு, மூலனூர் முருங்கைக்காடு என எல்லாம் சர்வே எண்களோடும் நாற்புற எல்லைகளோடும் அடுக்கப்பட்டிருந்தன. மகள் தரணிக்கு உரிய பத்தியிலோ கவித்துவம் பொங்கியது. ‘என் உயிரினும் மேலான அன்பையும் என்றும் குன்றாத ஆசியையும் என் மகள் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.’ பெயர்ச்சொற்கள் எல்லாம் மகனுக்கும் பெயரடைகள் எல்லாம் மகளுக்குமாகப் பிரிந்திருந்த அந்தப் பங்கீட்டைப் படித்துவிட்டு அர்த்தநாரி தாமே கண் கலங்கினார்.

தரணி கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டைக் கவனிப்பவள். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் துறைமுகம் போனதில்லை. கைப்பையில் எந்நேரமும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் சுருள் ஒன்று இருக்கும். துணியில் பழுது எங்கேயோ, அந்த இடத்தைக் காட்டும்படி ஒன்றைக் கிழித்து ஒட்டுவாள். ரித்தீஷ் கம்பெனியின் ‘தொலைநோக்கை’க் கவனித்தான். அவன் எழுந்து வரும்போது நண்பகல் ஆகிவிடுமாதலால், தொலைவில் உள்ளவை நன்றாகத் தெரிந்தன.

“நாளப்பின்ன உங்க பொண்ணு கோர்ட்டுக்குப் போனா என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டார் வக்கீல்.

“அதுக்குத்தானுங்க அம்மன் இருக்கறா” என்றார் அர்த்தநாரி.

பூ கேட்காமல் அந்தக் குடும்பத்தில் கல்யாணமும் நடந்ததில்லை, மிஷினும் வாங்கியதில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூ ஒரு பொட்டலத்திலுமாகக் குலதெய்வத்தின் முன்னால் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் அம்மன் சம்மதித்தாள். சிவப்பு என்றால் மறுத்தாள். அம்மனே சம்மதித்த உயிலை எதிர்த்து எந்த மகள் வழக்குப் போடுவாள்?

உயிலைப் பதிவு செய்யவேண்டிய அன்று காலையில் அப்பா, மகன், மகள், பூசாரி என நால்வரும் சன்னிதியில் நின்றார்கள். “சொத்து பூராம் பையனுக்கு. சம்மதமா, தாயே?” என்றார் அர்த்தநாரி. பூசாரி ரத்தினசாமி பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு.

“வெளிச்சம் பத்தலீங்க, பூசாரி. லைட்டப் போட்டுப் பாருங்க.”

விளக்கொளியில் அது மேலும் சிவந்தது.

மறுபடி கேட்டார்கள். மறுபடியும் சிவப்பு. ராகு காலத்தின்மீது பழி விழுந்தது. அது முடியும்வரை காத்திருந்து கேட்டதில், அம்மன் ராகு காலம் பார்ப்பவள் அல்லள் என்பது தெளிவாயிற்று.

“அம்மன் வேண்டாங்கறாளுங்க” என்று மென்று விழுங்கினார் பூசாரி. “அம்முணிக்கும் ஒரு பங்கு எழுதிப்போட்டு மறுக்காக் கேக்கலாமுங்களே.”

“ஏனுங்க பூசாரி, இன்ஸ்பெக்‌ஷன்ல லாட்டு பெயிலாச்சுன்னா லாட்டக் கொளுத்திப்போடறமா? ரீ-இன்ஸ்பெக்‌ஷன் கேக்கறதுதானுங்க மொற.”

ரித்தீஷ் அன்று முதன்முறையாகக் கைப்பேசியைக் கீழே வைத்தான். “பேக்கிங்க நான் பாத்துக்கறனுங்கப்பா.”

தொழில் அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். லாட்டு, அதாவது ஒரு தொகுதிச் சரக்கு, பெயிலானால், சரக்கை வாங்கும் பையரின் ஆள் மறுபடி சோதிக்க வருவதற்குள், அவர் கைக்கு எட்டும் பெட்டிகளில் மட்டும் நல்ல பீஸ்களை அடுக்கி வைப்பது சில கம்பெனிகளின் வழக்கம். உயிலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ரித்தீஷ் பூக்கூடையோடு கோயிலுக்குப் பின்புறம் போய், இரண்டு பொட்டலங்களோடு திரும்பினான்.

“ஏனுங்கப்பா, இந்தத் தடவ நானே எடுக்கட்டுங்களா?” என்றாள் தரணி.

“எடு கண்ணு! உம்பட கையில வந்தா அம்மனுக்கும் சந்தோசந்தான்.”

எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. அர்த்தநாரிக்கு மெய் சிலிர்த்தது. “பாத்தியா அம்முணி! அம்மனே சொல்லிப்போட்டா. இனி மனசுல ஒண்ணும் வெச்சுக்காத.”

தரணி, தொழில் பழக்கத்தில், மிச்சமிருந்த பொட்டலத்தையும் பிரித்தாள். அதிலும் வெள்ளை.

பூசாரி விட்டத்தைப் பார்த்தார். ரித்தீஷ் கைப்பேசியைப் பார்த்தான். அர்த்தநாரி மட்டும் அசரவில்லை.

“ரெண்டுலயும் சரீங்கறா பாரு. அம்மனுக்கு எத்தன இஷ்டம்!”

“ஆமாங்கப்பா” என்றாள் தரணி. “பேக்கிங்கு அருமைங்க.”

கைப்பையைத் திறந்து மூடினாள். பிறகு அப்பாவிடம் நெருங்கி வந்து, “சட்டையில பூ ஒட்டியிருக்குதுங்க” என்று அவர் நெஞ்சில் மெல்லத் தட்டினாள். தாம் எழுதிவைத்த அன்பு அதற்குள்ளாகவே பலன் தரத் தொடங்கிவிட்டதை எண்ணி அர்த்தநாரி உருகினார்.

காரில் அவள் ஏறவில்லை. “நீங்க போங்க. நான் பஸ்ஸுல வந்துக்கறனுங்க.”

“அப்ப நாளைக்குப் போற ஷிப்மெண்டுக்கு ஆரு கையெழுத்துப் போடறது?”

“அதையும் அம்மன்கிட்டயே கேளுங்கப்பா. நீங்க கேட்டா மாட்டேங்கவா போறா?”

பதிவு அலுவலகத்தில் உயிலுக்காக அவரைப் புகைப்படம் எடுத்த ஊழியர் சற்றுத் தயங்கினார். “ஐயா, சட்டையில என்னமோ...”

அர்த்தநாரி குனிந்துகூடப் பார்க்கவில்லை. நெகிழ்ந்த குரலில் சொன்னார்: “எம்பட புள்ள தட்டிவிட்ட எடமுங்க. இருக்கட்டும், எடுங்க.”

உயில் முறைப்படி பதிவாயிற்று. அதில் அர்த்தநாரியின் புகைப்படம் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது: கருணை ததும்பும் முகம், தும்பைப்பூப் போன்ற சட்டை, அதன் பையின்மேல் அந்த முகத்தையே சுட்டி நிற்கும் சிறிய சிவப்பு அம்புக்குறி. சொத்துகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதோடு, பழுது எங்கே இருக்கிறது என்பதையும் அரசு முத்திரையோடு காட்டும் உயில், அநேகமாக இந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான்.