கவிதை போதாமல் காய்ந்த வயல்

விடுதலையின் நாற்பதாம் ஆண்டு, ஆவணி மாதம் மூன்றாம் நாள், மும்மதகு நாட்டில் மிளகி என்னும் உழத்தியின் நெற்பயிர் காய்ந்து போயிற்று. ஏரியில் நீர் நிறைந்திருந்தது. வாய்க்காலில் உடைப்பில்லை. மதகுப் பலகை பழுதின்றி ஏறி இறங்கிற்று. அவ்வயலுக்கு உரிய கவிதையை அரசு பறித்துக்கொண்டது. பயிர் காய்ந்ததற்கு அதுவே காரணம்.

இதனை விளங்கிக்கொள்ள அந்நாட்டின் வழக்கம் ஒன்றை அறிதல் வேண்டும்.

அங்கே ஒரே ஏரி, மூன்று மதகுகள், மூன்று மொழிகள். ஆற்றுமொழியார், மலைமொழியார், கரைமொழியார் ஆகியோர் ஆளுக்கொரு மதகின் கீழ் உழுது வாழ்ந்தனர். எவருக்கு எவ்வளவு நீர் என்பதை அவர்கள் பாட்டால் அளந்தனர். ஒவ்வொரு மொழிக்கும் முன்னோர் பாடிவைத்த நெடும்பாட்டு ஒன்று உண்டு. முதலடியில் பலகை உயரும், ஈற்றடியில் இறங்கும். தன் பாட்டைத் தானே பாடினால் எவனும் இழுத்து இழுத்துப் பாடுவான் என்பதால், ஒரு மொழியாரின் பாட்டை வேற்றுமொழியாரே பாடுதல் வேண்டும் என்று ஏற்பாடு. மலைமொழியாருக்கு ஆற்றுமொழியார் பாடினர், ஆற்றுமொழியாருக்குக் கரைமொழியார், கரைமொழியாருக்கு மலைமொழியார். அடுத்தவனுக்காகப் பாடும்போது அவசரப்படலாமே என்று எவனுக்கேனும் தோன்றினால், தன் பாட்டும் வேறொருவன் வாயில் இருக்கிறது என்ற நினைவு அவனை நிதானப்படுத்திற்று.

நீருக்கு உரியவர்கள் அந்நேரத்தில் மண்வெட்டியோடு தம் வயலில் நிற்பர். இசை மட்டும் காற்றில் வரும். சொற்கள் அவர் காதுக்கு எட்டா. தன் பாட்டைத் தானே முணுமுணுப்பவனை ஊரார் நீர்க்கள்ளன் என்றனர். ஆகவே அந்நாட்டில் ஒவ்வொருவருக்கும் அண்டை மொழியின் கவிதை மனப்பாடம். தம் மொழியின் கவிதை தெரியாது. இதில் எவரும் குறை கண்டதில்லை.

கப்பலில் வந்து ஆண்டவர்கள் இதைக் கண்டு சிரித்தனர். மதகடியில் ஒரு கடிகாரத்தை நட்டனர். அது ஏரிக்காற்றில் துருப்பிடித்தது. பின்னர் அவர்கள் கப்பலேறிப் போயினர். அவர்களுடைய மொழி மட்டும் அலுவலகங்களில் நாற்காலி கிடைத்தமையால் தங்கிவிட்டது.

விடுதலைக்குப் பின் மரபுக் காப்பு அமைச்சகம் தோன்றிற்று. ஆற்றுமொழியிற் பிறந்த வாகீசனார் அதன் அமைச்சரானார். தாய்மொழியின் மாண்பைக் குறித்து அவர் கப்பல்மொழியில் நிகழ்த்திய உரை பெரிதும் பாராட்டப்பட்டது. அவர் பிறப்பித்த முதல் ஆணை இது: ஒரு மொழியின் கவிதையை அம்மொழியிற் பிறந்தார் மட்டுமே ஓதலாம், ஏனையோர் ஓதுதல் களவு.

ஆணை வந்த அன்று, மலைமதகின்மேல் நின்று பாடிக்கொண்டிருந்தவன் திருமேனி என்னும் ஆற்றுமொழியான். மரபு ஆய்வாளர் ஒருவர் கரையேறி வந்தார்.

“நிறுத்தும்! யாருடைய பாட்டு இது?”

“மலைக்காரவுக பாட்டுங்க.”

“நீர்?”

“ஆத்துக்காரன்.”

“உமது வாய்க்கு இஃது எவ்வாறு வந்தது?”

“எங்கப்பன் வாயிலேர்ந்து வந்துச்சுங்க.”

“பரம்பரைக் களவு” என்று ஆய்வாளர் வருத்தத்தோடு கூறினார்.

பாட்டு நின்றது, பலகை இறங்கிற்று. கடைமடையில் நின்றிருந்த மிளகி மண்வெட்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

“ஏண்ணே நிறுத்திட்ட? என் வய இன்னும் வாயே நனைக்கலியே!”

“பாட்டு ஒங்களதாம் தாயி. இனிமே நீதான் பாடணுமாம்.”

“எனக்கெங்கே தெரியும்? எங்க பாட்டு ஒங்கிட்ட இருக்கு, ஒம் பாட்டு கரைக்காரன்கிட்ட இருக்கு. இந்த ஐயாவுக்கு யாரும் சொல்லலியா?”

ஆய்வாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். “தன் மொழிக் கவிதையைத் தானே அறியாத பெண்! மரபு எவ்வளவு அழிந்து கிடக்கிறது! நல்ல வேளை, அமைச்சகம் விழித்துக்கொண்டது.”

“அண்ணன்கிட்டயே கத்துக்கிடுறேன்.”

“கற்பிப்பவரும் அம்மொழியிற் பிறந்தவராக இருத்தல் வேண்டும். களவுப் பொருளைத் திருப்பித் தரும் உரிமை கள்வனுக்கு இல்லை.”

எவரும் தம் கவிதையை அறியாத நிலையில், மூலபாடத்தை நிறுவ அமைச்சகம் அறிஞர் குழு ஒன்றை அமைத்தது. வாய்மொழி நம்பத்தக்கதன்று, அச்சிட்டதே சான்று என்று குழு தெளிந்தது. அச்சில் இருந்தது கப்பல்காரத் துரை ஒருவர் மூன்று பாட்டுகளையும் தம் மொழியில் பெயர்த்து வெளியிட்ட நூல் மட்டுமே. மலைப்பாட்டில் சில அடிகளைப் பெயர்த்ததும் அவருக்குச் சலிப்புத் தட்டிற்று. “எஞ்சியவை இவை போன்றனவே” என்று எழுதி முடித்துவிட்டார். குழு அதனைப் பயபக்தியோடு மலைமொழிக்கு மீட்டுப் பெயர்த்து, ஈற்றடியாக ஏற்றது.

அன்று முதல் மலைமதகில் சான்றிதழ் பெற்ற மலைமொழிப் பாடகர் ஒருவர் நாலைந்து அடிகளைப் பாடி, “எஞ்சியவை இவை போன்றனவே” என்று இராகத்தோடு நீட்டுவார், பலகை இறங்கிவிடும். வாய்க்கால் நடுவழியிலேயே நின்றது.

ஆற்றுப்பாட்டு அமைச்சரின் மொழிப்பாட்டு ஆகையால் உரையோடும், உரைக்கு எழுதிய விளக்கத்தோடும் ஓதப்பட்டது. ஓதி முடிவதற்குள் ஆற்றுமொழியார் வயல்களில் நாற்று அழுகிற்று. திருமேனியின் நாற்றும் அதில் ஒன்று. கரைப்பாட்டின் தொன்மை விசாரணையில் இருந்தது. தீர்ப்பு வரும் வரை கரைமதகு பூட்டிவைக்கப்பட்டது.

மிளகியும் திருமேனியும் அமைச்சரைக் காணச் சென்றனர்.

“அம்மையே, உங்கள் கவிதையின் செறிவைக் கண்டு அறிஞர் உலகமே வியக்கிறது” என்றார் வாகீசனார்.

“செறிவு இருக்கட்டும் சாமி. நட்ட நாத்து வேர் பிடிக்கிற நேரம். தண்ணி எங்கிட்ட வந்து சேரல.”

“‘எஞ்சியவை இவை போன்றனவே’! வாழ்வையே ஓரடியில் அடக்கிய வரி அன்றோ?”

“அது பாட்டே இல்லீங்க” என்றான் திருமேனி. “தொரைக்குத் தூக்கம் வந்திருக்கு, எழுதி வச்சுட்டுப் படுத்துட்டாரு.”

“முழுப்பாட்டும் உமக்குத் தெரியுமோ?”

“தெரியுங்க.”

“அதை என்முன் ஒப்புக்கொள்ளாதீர். நான் நடவடிக்கை எடுக்க நேரிடும்.”

வெளியே வந்ததும் மிளகி சொன்னாள்: “வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருண்ணே. அந்த வாயிலதான் என் வயலே இருக்கு.”

தேர்தல் வந்தது. மலைமொழியிற் பிறந்த வெற்பனார், மலைக்கவிதையை அரியணை ஏற்றுவதாக வாக்களித்தார். மலைமொழியார் அனைவரும் அவருக்கே வாக்களித்தனர். மிளகி விடியுமுன்னரே வரிசையில் நின்றாள். அவர் வென்று அமைச்சராகி வாக்கைக் காப்பாற்றினார். மலைக்கவிதை நாட்டின் மணிமுடி எனச் சாற்றப்பட்டது. சேற்றில் நிற்பார் செவியில் மணிமுடி விழுதல் தகாது. ஆதலின் அது தலைநகர் மண்டபத்தில் மட்டுமே ஓதப்படும். மதகில் அதற்குப் பதிலாக மௌன வணக்கம் செலுத்தப்படும் என்று ஆணை பிறந்தது. ஒரு பெருமூச்சின் அளவே அந்த மௌனம் நீடித்தது. நீரும் அவ்வளவே வந்தது.

ஆவணி மூன்றாம் நாள் திருமேனியால் பொறுக்க முடியவில்லை. மலைமதகின்மேல் ஏறி நின்று, முதலடியிலிருந்து முழுப்பாட்டையும் பாடத் தொடங்கினான். ஊரார் பலகையைத் தூக்கினர். நீர் நடுவழியைக் கடந்தது, கடைமடையை நெருங்கிற்று. மிளகி வரப்பை வெட்டிக் காத்து நின்றாள். அப்போது காவலர் வந்து அவனைப் பிடித்தனர்.

பாட்டு அறுந்த இடத்திலிருந்து தொடர மலைமொழியாருக்குத் தெரியாது; தெரிந்த ஆற்றுமொழியார் காவலருக்கு அஞ்சி விலகினர். மிளகி வாய்க்கால் கரையோடு ஓடி வந்தாள்.

“அண்ணே! அடுத்த அடியைச் சொல்லிட்டுப் போ! நான் பிடிச்சுக்கிடுறேன்!”

காவலர் திருமேனியின் வாயைத் துணியால் கட்டினர். பலகை விழுந்தது. வயலின் வாயிலில் வந்து நின்ற ஈரத்தை வெயில் குடித்தது.

பயிர் காய்ந்தபின், அவ்வயலிலேயே மரபுப் பெருவிழா நடத்த அமைச்சகம் முடிவு செய்தது. பந்தற்கால் ஊன்றக் காய்ந்த நிலமே ஏற்றது என்று பொறியாளர் சான்றளித்தார். ஒலிபெருக்கிகள் ஏரியின் நாற்புறமும் கட்டப்பட்டன. வெற்பனார் மிளகிக்குப் பொன்னாடை போர்த்தி, “மண்ணின் மகளே, மலைக்கவிதையை உம் வாயால் ஒருமுறை கேட்க விழைகிறோம். இன்று ஒரு நாளைக்கு மட்டும் ஆணை தளர்த்தப்படுகிறது” என்று கப்பல்மொழியில் கூறினார். ஒருவர் அதனைப் பெயர்த்துச் சொன்னார்.

மிளகி தன் வயலைப் பார்த்தாள். அதன்பின் பாடினாள். அவளுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றே. அது கரைமொழியாரின் பாட்டு.

அமைச்சர் கண்களை மூடித் தலையசைத்தார். “கேட்டீர்களா! மலைமொழிக்கே உரிய கம்பீரம்!” என்றார். அறிஞர் குழு எழுந்து நின்று கைதட்டிற்று. ஏரியின் மறுகரையில் கரைமொழியார் ஒலிபெருக்கியில் தம் முதலடியின் இசையைக் கேட்டறிந்தனர். பூட்டை உடைத்துப் பலகையைத் தூக்கினர். அவள் ஈற்றடியைப் பாடி முடிக்கும் வரை அவர்கள் வயல்களுக்கு நீர் பாய்ந்தது. மேடையில் இருந்த எவரும் அதை அறியவில்லை.

மிளகியின் வயலுக்குப் பாடத் துணிவார் மட்டும் இன்றளவும் இல்லை. திருமேனி சிறையில் இருக்கிறான்; அவன் வாய்க்கட்டு அவிழ்க்கப்படவில்லை.

இதுவரை வாசித்து, அந்நாட்டாரை எண்ணி நகைத்த நண்பரே, எழுந்து நில்லும். உம் அண்டை வீட்டார் என்ன மொழி பேசுகின்றனர்? அம்மொழியில் ஒரு பாட்டை, முதலடி தொடங்கி ஈற்றடி வரை, பிழையின்றிச் சொல்லும். எஞ்சியவை இவை போன்றனவே என்று முடித்தல் கூடாது.