ஃபிரிட்ஜ் விரிப்பும் ஒற்றைச் சாக்ஸும்

பெரம்பலூர்,
மாசி மாதக் கடைசி.

அன்பு மைத்துனன் இளவரசனுக்கு உன் அக்காள் புருஷன் மாயவன் ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கு நானும், கொல்லையில் புடலைப் பந்தலும், கூடத்தில் ஃபிரிட்ஜும் நலம். அங்கு நீயும், உன் உரக்கடையும், உடையார்பாளையத்தில் பூத்து நிற்கிற உன் முந்திரித் தோப்பும் நலமாக இருக்க வேண்டும். உன் சம்சாரம் ஹேமலதாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கைத்தாங்கல் இல்லாமல் நடக்கிறாள் என்று உன் அக்கா போனில் சொன்னாள். கேட்டு மிகவும் மனம் வருந்தினேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே மாப்ளே. ஏன் வருந்தினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே.

இந்தக் காலத்தில் எவன் லெட்டர் எழுதுவான் என்று நீ சிரிப்பாய். ஆனால் உன் போன் எந்நேரமும் ஸ்பீக்கரில்தானே கிடக்கிறது? "மாப்ளே, ஒரு ரகசியம்" என்று நான் ஆரம்பித்தால் உன் கொட்டகை மாடு வரைக்கும் காதை நிமிர்த்தும். வாட்சப்பில் அனுப்பினாலோ, கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டுக்கொண்டு, "அக்கா, மாமா என்னமோ அனுப்பிருக்காரு, படிச்சு சொல்லு" என்று அவளிடமே நீட்டுவாய். அதனால்தான் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. முக்கியமான சங்கதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்குனி பிறந்து கொஞ்ச நாள் போகிற வரைக்கும் உன் அக்காவை அங்கிருந்து கிளம்ப விடாதே. என்ன செய்வாயோ ஏது செய்வாயோ, எனக்குத் தெரியாது. அவள் இப்போது வந்தால் என் கதி அதோகதி.

நடந்தது இதுதான். போன மழைக்காலத்திலிருந்து உன் அக்கா யூடியூப்பைப் பார்த்து உல்லன் நூலில் பின்னக் கற்றுக்கொண்டாள். வெள்ளை வெளேர் என்று, பூப்பூவாக ஓட்டை விட்டு, லேஸ் மாதிரி ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தாள். "ஏன் மலரு, பெரம்பலூர் வெயிலுக்கு உல்லனா?" என்றேன். "ஃபிரிட்ஜ் மேல போடுற விரிப்புங்க" என்றாள். ஃபிரிட்ஜுக்குக் குளிருமோ என்று கேட்டதற்கு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வரிசையைப் பின்ன ஆரம்பித்தாள். ஹேமலதாவுக்குத் துணையாக உன் வீட்டுக்குக் கிளம்பும்போது, பாதி பின்னின விரிப்பை ஊசியோடு ஒரு கூடையில் வைத்து, "இந்தக் கூடையில மட்டும் கை வெச்சுடாதீங்க" என்று மூன்று வாட்டி சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். நானும் வைக்கவில்லை. புடலங்காய்தான் வைக்க வைத்தது.

பனி விட்டதும் எங்கள் கொல்லை எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். வேம்பு பழுப்பையெல்லாம் கொட்டிவிட்டுச் செங்கொழுந்து விட்டு நிற்கிறது. மாமரம் முழுக்கப் பூ, பூ முழுக்கத் தேனீ. முருங்கைப் பூ விடிந்தால் தரையெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. அணில்கள் கூடு கட்டுகிற மும்முரத்தில் கயிறு, பஞ்சு, என் பழைய பனியன் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. இந்த அமர்க்களத்தில் பந்தலில் முதல் புடலம்பிஞ்சு இறங்கியது, இறங்கின கையோடு சுருளவும் ஆரம்பித்தது. வாலில் கல்லைக் கட்டித் தொங்கவிடாவிட்டால் புடலை நேராக வளராது என்பதை விவசாயி வீட்டுப் பிள்ளை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல் இருக்கிறது, சணல் இல்லை. கூடையின் ஓரத்தில் வெள்ளை நூல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் விரிப்புதானே, ஒரு முழம் குறைந்தால் ஃபிரிட்ஜ் கோபித்துக்கொள்ளவா போகிறது என்று நினைத்தேன். ஊசி கையில் குத்திவிடப் போகிறதே என்று முதலில் அதைப் பத்திரமாக உருவி எடுத்து வைத்தேன். பிறகு நூலை இழுத்தேன். மாப்ளே, அது என்ன சுகமாக வந்தது தெரியுமா! முடிச்சு இல்லை, சிக்கு இல்லை, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. முதல் பிஞ்சுக்குக் கல் கட்டினேன், எல்லாப் பிஞ்சுக்கும் கட்டினேன், கொடியைப் பந்தல் மேல் ஏற்றி அங்கங்கே கட்டினேன், இவ்வளவு நல்ல நூலை வீணாக்கக் கூடாது என்று பாகலுக்கும் கட்டினேன். திரும்பிப் பார்த்தால் ஃபிரிட்ஜ் விரிப்பு மிக்ஸி விரிப்பாகச் சுருங்கியிருந்தது.

அப்போதுகூட நான் பெரிதாகப் பதறவில்லை. கட்டினதையெல்லாம் அவிழ்த்துச் சுற்றி வைத்துவிட்டால் ஆயிற்று என்று பந்தலுக்குக் கீழே போனேன். முதல் கல் என் கால் பெருவிரலில் விழுந்தது. இரண்டாவது கல் புடலையோடு விழுந்தது. நான் காலைப் பிடித்துக்கொண்டு ஆடின நேரத்தில் ஒரு அணில் நூலில் பாதியைக் கவ்விக்கொண்டு வேம்பில் ஏறிவிட்டது. மிச்ச நூலெல்லாம் பச்சைக் கறை. வேட்டிக் கறைக்கு என்ன செய்வோம்? அலசிச் சொட்டுநீலம் போடுவோம். போட்டேன். நீலம் கொஞ்சம் கூடிவிட்டது. இப்போது நூல் ஆகாச நிறத்தில் இருக்கிறது.

நீல நூலைக் கூடையில் வைக்கப் போனபோதுதான் அடியில் அது கிடைத்தது. என் கட்டைவிரல் அளவுக்கு, வெள்ளையாக, மெத்தென்று ஒரு உறை. கல் விழுந்து வீங்கின பெருவிரலுக்கு யாரோ வேண்டுமென்றே பின்னி வைத்த மாதிரி இருக்கவே மாட்டிப் பார்த்தேன். லெப்பைக்குடிக்காட்டு நசீருதீன் பாய், அதுதான் துபாயில் வண்டி ஓட்டிவிட்டு வந்து இப்போது காலை டீக்கு என் கொல்லையில் ஆஜராகிறவர், அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். "யா அல்லா, என்னங்க மாயவன், புள்ளக்கிப் போடுற சாக்ஸ கால்விரல்ல மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார். "எந்தப் பிள்ளைக்கு?" என்றேன். "அத என்னைக் கேட்டா? ஒங்க வூட்டுல யாருங்க புள்ளத்தாச்சி?" என்றார்.

நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன் மாப்ளே. எங்கள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அயர்லாந்தில் இருக்கிற என் மகள் ஆர்த்திதான். கல்யாணமாகி எத்தனை வருஷம்! முன்பு ஒரு முறை கைகூடாமல் போனபோது உன் அக்கா எப்படி இருந்தாள் என்று உனக்குத் தெரியும். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே நாங்கள் எடுப்பதில்லை. இப்போது அந்தக் குளிர் தேசத்தில் என் பேத்தியோ பேரனோ வரப்போகிறது, அதற்குச் சாக்ஸும் போர்த்த ஒரு லேஸும் பின்னுகிறாள். பிறக்கும் முன்னே பிள்ளைக்கு ஒரு துணி வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது என்பது நம் வழக்கமாயிற்றே, அதனால்தான் ஃபிரிட்ஜ் மேல் பழியைப் போட்டிருக்கிறாள். என்னிடமும் சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. பஸ் ஸ்டாண்டில் காலமெல்லாம் மைக் பிடித்த டைம் கீப்பர் நான். ஆர்த்தி பிளஸ் டூ பாஸ் ஆனபோது துறையூர் வண்டிக்கும் அரியலூர் வண்டிக்கும் நடுவில் அவள் மார்க்கையும் மைக்கில் சொன்னவன். என்னிடம் சொல்வதும் ஊருக்குச் சொல்வதும் ஒன்று என்று தாயும் மகளும் முடிவு கட்டியிருப்பார்கள், கட்டட்டும். இப்போது டீக்கடையில் எவனாவது "என்ன சார் விசேஷம்?" என்றால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்துவிடுகிறேன். சந்தோஷத்தை வைத்துக்கொள்ள இடம் இல்லை. தனியாக இருக்கும்போது புடலைக்கொடியிடம் சொல்லிக்கொள்கிறேன்.

சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். உன் அக்கா சகுனம் பார்க்கிறவள். பிள்ளைக்கென்று ஆசையாகப் பின்னினது பாதியில் பிரிந்து, அணில் கொண்டுபோய், கல்லில் கட்டித் தொங்கியது என்று தெரிந்தால் என்னைத் திட்ட மாட்டாள். திட்டினால்கூடத் தேவலை. ஒரு வார்த்தை பேசாமல் பிரசவம் ஆகிற வரைக்கும் உள்ளுக்குள்ளேயே பயந்து பயந்து சாவாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் அவள் வருவதற்குள் நானே பின்னி முடித்து, கூடையில் இருந்தது இருந்தபடி வைத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. அவள் பார்த்த அதே யூடியூப்பைப் போட்டேன். ஒரு வெள்ளைக்காரம்மா, வழியெங்கும் நிற்காத பாயிண்ட் டு பாயிண்ட் வண்டி மாதிரி இங்கிலீஷில் போய்க்கொண்டே இருக்கிறாள். பாய் பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த துபாய் இங்கிலீஷில் மொழிபெயர்க்கிறார். "ஒரு கண்ணிய வுட்டுட்டு அடுத்த கண்ணிய எடுக்கச் சொல்றா" என்பார். எடுப்பேன். "இல்லல்ல, எடுத்தத வுடச் சொல்றா" என்பார். லேஸ் என்றால் வேண்டுமென்றே ஓட்டை போடுவதாம். நான் போடுவதில் வேண்டுமென்று போட்ட ஓட்டை எது, தானாக விழுந்த ஓட்டை எது என்று எனக்கே தெரியவில்லை. "வுடுங்க, புள்ளக்கிக் காத்து வரட்டும்" என்கிறார் பாய். நூல் பத்தாமல் திருச்சிக்குப் போய் வாங்கி வந்ததும் அவர்தான். கடைக்காரப் பெண் "யாருக்கு சார்?" என்று கேட்டதற்கு, ரகசியத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "புடலங்காய்க்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

சாக்ஸ் கதை வேறு. குதிகாலைத் திருப்புவது என்று ஒரு கட்டம் வருகிறது, நெரிசலான பஸ் ஸ்டாண்டில் வண்டியை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. முதல் சாக்ஸில் திருப்ப மறந்து நேராகப் போய்விட்டேன், அதை டார்ச் லைட்டுக்கு உறையாகப் போட்டுவிட்டேன். இரண்டாவதற்கு இரண்டு குதிகால் வந்துவிட்டது. மூன்றாவதுதான் சாக்ஸ் என்று சொன்னால் நம்புகிற மாதிரி வந்துகொண்டிருக்கிறது. உன் அக்கா பின்னினதைவிடக் கொஞ்சம் பெரிசு. போகட்டும், பிள்ளை வளராமலா இருந்துவிடும்? பக்கத்து வீட்டு வேணி சுவர் மேலே எட்டிப் பார்த்து, "என்ன மாமா, பின்றீங்களா?" என்றாள். "கொசுவலைம்மா" என்றேன். "சாக்ஸ் மாதிரி இருக்கே?" என்றாள். "சின்னக் கொசு" என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகவே மாப்ளே, உன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். ஹேமலதாவைக் கொஞ்ச நாளைக்கு நொண்டச் சொல். பாவம், நல்ல மனசு உள்ள பெண், எனக்காக நொண்டுவாள். அவள் மாட்டேன் என்றால் நீ நொண்டு. ஆர்த்தி விஷயம் உனக்குத் தெரிந்த மாதிரி மூச்சு விடாதே, எனக்குத் தெரியும் என்பது உன் அக்காவுக்குத் தெரியவே கூடாது. அவளாக ஒரு நாள் வாயைத் திறந்து, "ஏங்க, நீங்க தாத்தா ஆகப்போறீங்க" என்று சொல்லுவாள் இல்லையா, அன்றைக்கு நான் முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் தினம் கண்ணாடி முன்னால் பயிற்சி எடுத்து வருகிறேன்.

உன் தோப்பில் காய் நன்றாகப் பிடிக்கட்டும், கடையில் வியாபாரம் தழைக்கட்டும், ஹேமலதா பங்குனிக்குப் பிறகு மான் மாதிரி நடக்கட்டும் என்று நம் குலசாமியை வேண்டிக்கொண்டு,

உன் அன்பு மாமா,
மாயவன்.

பின்குறிப்பு: தம்பி இளவரசா, இது அக்கா எழுதுறேன். அரியலூர் வரைக்கும் போயிட்டு வரேன்னு உன்கிட்ட சொல்லிட்டு வந்தேன் இல்லையா, மாத்திரை தீர்ந்துபோச்சு, அப்படியே இவரையும் ஒரு எட்டுப் பார்த்துட்டு வரலாம்னு பெரம்பலூருக்கே வந்துட்டேன். வந்து பார்த்தா, வேப்பமரத்தடியில ஈசிசேர்ல ஊசியும் கையுமா வாயைத் திறந்து வெச்சுத் தூங்குறார். இந்தக் கடிதம் கவர்ல போட்டு, ஒட்டாம மடியில கிடந்தது. உன் பேர் இருக்கவே எடுத்துப் படிச்சேன். சிரிக்கிறதா அழுறதான்னு தெரியாம ரெண்டையும் முந்தானையைக் கடிச்சுக்கிட்டுச் செஞ்சேன்.

ஆர்த்தி விஷயம் நிஜம்தான். அஞ்சு மாசம் முடியட்டும், அப்பாகிட்ட நானே சொல்றேன்னு அவதான் என் வாயைக் கட்டிவெச்சா. ஆனா ஃபிரிட்ஜ் விரிப்புன்னு நான் சொன்னது ஃபிரிட்ஜ் விரிப்பேதான்டா. குழந்தைக்கு உள்ளதைத் தை மாசமே முடிச்சு, பீரோவுல என் பட்டுப்புடவைக்கு அடியில வெச்சிருக்கேன். அந்த ஒத்தைச் சாக்ஸ் மட்டும் எப்படியோ கூடைக்கு அடியிலேயே தங்கிடுச்சு. இந்த மனுஷன் எதுவும் கெடுக்கலை, சகுனமும் இல்லை ஒண்ணும் இல்லை. எழுப்பிச் சொல்லிடலாம்னு தோள் கிட்டப் போனேன். மடியில அந்தப் பின்னல் கிடந்தது. பாதி வெள்ளை, பாதி நீலம், எங்க பார்த்தாலும் ஓட்டை. நான் பின்னினதுல ஒரு தப்பு இல்லை, ஆனா அதுல இவ்வளவு பயமும் ஆசையும் இல்லை. எழுப்பாம வந்துட்டேன். குழந்தைக்கு இவர் பின்னினதுதான் போகும், என்னோடது ஃபிரிட்ஜுக்கு. சாக்ஸும் என்னோடது ஒண்ணு, அவரோடது ஒண்ணு, ஜோடி சேராட்டிப் பரவாயில்லை.

கடிதத்தை நானே எடுத்துட்டு வந்து தபால்ல போடுறேன், இவர் தேடினா போட்டது தான்தான்னு பக்கத்து வீட்டு வேணி சொல்லிக்குவா, பேசிட்டேன். பங்குனி பிறந்து கொஞ்ச நாள் போற வரைக்கும் நான் உன் வீட்லதான் இருப்பேன், ஹேமலதா ஒண்ணும் நொண்ட வேண்டாம். மாமா போன் பண்ணினா எனக்குக் காய்ச்சல், இப்ப வர முடியாதுன்னு சொல்லிடு. லேசான காய்ச்சல்னு சொல்லுடா. கூடுதலாச் சொல்லிட்டா, பின்னலை அப்படியே போட்டுட்டு அடுத்த வண்டியிலேயே வந்து நிப்பார்.