தையல்காரரின் முட்டியும் மனைவியின் காதும்

வலது முட்டியை மாற்றியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து தையல்காரர் சாவைப் பற்றி மட்டுமே பேசினார். நாற்பது வருஷம் மிஷின் மிதித்த கால். "மயக்க ஊசி போட்டா எல்லாரும் முழிச்சுக்கறதில்லை" என்று துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பாதிப் பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆபரேஷனுக்கு ஆறு வாரம் இருந்தது. பிசியோதெரபி பெண் கறாராகச் சொல்லிவிட்டாள்: "கையை ஊணாம நாற்காலியிலேர்ந்து எழுந்து எழுந்து உக்காருங்க. தினம் முப்பது தடவை. தொடை வலுவா இருந்தாத்தான் அப்புறம் சீக்கிரம் நடக்கலாம். இல்லேன்னா தேதியைத் தள்ளி வச்சிடுவோம்."

கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆறு வாரமும் நாற்காலியை விட்டு அசைவதில்லை என்று தீர்மானம்.

"பயிற்சி?" என்றாள் மனைவி.

"வலிக்குது."

அவள் வற்புறுத்தவில்லை. ஆனால் இரண்டே நாளில் அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது.

"காபி!"

குரலை உயர்த்தினார்.

"அடியே, காபி!"

சமையலறையில் பாத்திரம் மட்டும் பேசியது. முனகிக்கொண்டே எழுந்து போய் அவள் எதிரே நின்றார்.

"கூப்பிட்டீங்களா?"

"தெருவே திரும்பிப் பார்த்துச்சு!"

"தெருவிலே யாரு?"

ஒரு காலத்தில் கேட்டதெல்லாம் கொடுத்தவள். இப்போது கேட்டதே கேட்கவில்லை. கத்தரிக்கோலுக்கு எழ வேண்டும், கண்ணாடிக்கு எழ வேண்டும். இரண்டு கையிலும் துணி இருக்கும், ஊன்றவும் வழியில்லை.

துக்கம் இரட்டிப்பாயிற்று. கட்டுப் போட்ட காலோடு படுத்துக்கொண்டு கூப்பிட்டால் யார் வருவார்கள்? ஒரு மத்தியானம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, கேட்காது என்ற தைரியத்தில், மெல்லச் சொன்னார்: "எனக்கு ரொம்ப பயமா இருக்குடி."

வெங்காயம் நறுக்கிய கை ஒரு கணம் நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் சோதனை. வாடிய முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார். கால்கள் அவரைக் கேட்காமலே எழுந்தன. அரை நிமிஷத்தில் பதினான்கு தடவை!

"பிரமாதம்! திங்கட்கிழமையே ஆபரேஷன்" என்ற பிசியோதெரபி பெண், கதவருகே நின்ற மனைவியிடம் போய்க் கிசுகிசுத்தாள்: "எப்படிம்மா செய்ய வச்சீங்க?"

"தினம் நாப்பது தடவையாவது எழுந்தாரும்மா" என்றாள் மனைவி பட்டென்று.

தையல்காரர் வாயைப் பிளந்தார். "அடிப்பாவி, உனக்குக் காது...?"

அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து அவர் கண் விழித்தபோது மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மறுநாளே வாக்கரைப் பிடித்து நடந்தார். இரண்டாம் மாதம் டாக்டர் தட்டிக்கொடுத்தார். "நல்லாத் தேறிட்டீங்க. இடது முட்டியும் தேய்ஞ்சுதான் இருக்கு. அதையும் மாத்திடலாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்..." என்று இழுத்தார் தையல்காரர்.

"தேதி குறிங்க டாக்டர்" என்றாள் மனைவி. "இப்பவே எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலாத்தான் தெரியுது."